ஆஸ்கார், கிரீன் டெரர், ஜாக் டெம்சி, கான்விக்ட்: எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடலாமா?

கோவை_பிரபு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் அவசரமாக யோசனை கேட்கிறேன்.

என் மச்சானுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறார். அவர் ஆசையாக வளர்த்த மீன்களை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார். கடையில் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் அவர் வீட்டில் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனித் தொட்டி வைத்திருந்தார். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு 4 அடித் தொட்டி (4×1.5×1.5). அதில் ஒரு ஆஸ்கார் இருக்கிறது. 9 அங்குலம் இருக்கும். என் மகள் பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடிக்கு அருகே வந்து நிற்கும், அவள் கையிலிருந்தே பெல்லட் வாங்கித் தின்னும். அதற்கு ஒரு காயம்கூட ஆகக்கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

வரப்போகிற மீன்கள் (என் ஆஸ்காரைப் போலவே எல்லாம் சிக்லிட் குடும்பம்): ஒரு கிரீன் டெரர், 6 அங்குலம், தலையில் மேடு எழும்ப ஆரம்பித்திருக்கிறது, அதனால் ஆண் என்றுதான் நினைக்கிறேன். ஒரு ஜாக் டெம்சி, ஏறக்குறைய அதே அளவு. ஒரு கான்விக்ட் ஜோடி, சின்னதுதான், 3 அங்குலம். அப்புறம் உள்ளங்கை அளவில் ஒரு ஃப்ளவர்ஹார்ன்.

6×2×2 அளவில் புதுத் தொட்டி செய்யலாம் என்று விசாரித்தேன். ஒரு கடையில், "எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் பழகிக்கொள்ளும், கூட்டமாக விட்டால் சண்டையே வராது" என்றார்கள். இன்னொரு கடையில், "சிக்லிட்டா? ஒரு மீனுக்கு ஒரு தொட்டி, வேறு பேச்சே இல்லை" என்றார்கள். இரண்டு பேரும் அனுபவசாலிகள்தான். யார் சொல்வதைக் கேட்பது?

எங்கள் வீட்டுக்கு சிறுவாணித் தண்ணீர் வருகிறது. வீடு முதல் மாடியில். வேறு விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.

சேலம்_ரவி எழுதியது:

மீனைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் கட்டட வேலையில் இருப்பவன், அதனால் தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

6×2×2 என்றால் 24 கன அடி, முழுக்க நிரப்பினால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி ஒரு 120 கிலோ. ஸ்டாண்டு, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கிவிடும். இவ்வளவு எடையும் 12 சதுர அடியில் உட்காரும். வீடுகளின் தளத்துக்குப் பொதுவாக நாங்கள் கணக்கில் எடுக்கும் பளு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். ஒரே இடத்தில் அதைப்போல நான்கு மடங்கு ஏற்றப் போகிறீர்கள். அதற்காக வைக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. அறையின் நடுவில் வைக்காதீர்கள். கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி, பீமின் நீளவாக்கில் வையுங்கள். வீட்டு வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் கண்ணாடிக்கு முன்பணம் கொடுங்கள். தரைத்தளத்தில் இடம் இருந்தால் அதுதான் நல்லது.

கொளத்தூர்_சிக்லிட் எழுதியது:

பிரபு தம்பி, வண்ணமீன் பண்ணைகள் நிறைந்த சென்னை கொளத்தூரிலிருந்து எழுதுகிறேன். சிமெண்ட் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான், சிக்லிட் எனக்குப் பல வருஷப் பழக்கம். பதில் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் ஆஸ்கார் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும்.

எந்த மீன் முரடு, எந்த மீன் சாது என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், தோற்ற மீன் எங்கே போகும் என்று கேளுங்கள்.

ஆற்றிலோ ஏரியிலோ இரண்டு சிக்லிட் மோதினால் எடுத்ததும் கடித்துக்கொள்ளாது. முதலில் நிறம் அடர்த்தியாகும். துடுப்புகளை எல்லாம் விரித்து, பக்கவாட்டில் நின்று தன் உடம்பு எவ்வளவு பெரிசு என்று காட்டும். செவுள் மூடிகளை விரிக்கும். வாலால் எதிராளியின் மேல் தண்ணீரை அடிக்கும். அதற்கும் மசியாவிட்டால்தான் வாயோடு வாய் கவ்வி இழுத்துப் பார்க்கும். இதில் ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்று 'நம்மால் முடியாது' என்று புரிந்துகொண்டு, துடுப்பை மடக்கி, நிறம் வெளுத்து ஓடிவிடும். சில அடி தூரம் ஓடினாலே ஜெயித்த மீனின் எல்லையைத் தாண்டிவிடும். சண்டை அதோடு முடிந்தது.

தொட்டியில் இந்தக் கடைசிக் கட்டம் நடக்க முடியாது. தோற்ற மீன் ஓடி மறுமூலைக்குப் போகும், ஆனால் அங்கேயும் அது ஜெயித்த மீனின் கண்ணுக்குத் தெரியும். தன் எல்லைக்குள் இன்னும் நிற்கிறது என்றுதான் ஜெயித்தது எடுத்துக்கொள்ளும். மறுபடி துரத்தும், மறுபடி. செதில் போகும், துடுப்பு கிழியும், தோற்ற மீன் தீனிக்குக்கூட வெளியே வராது, கடைசியில் புண்ணில் பூஞ்சை வந்து சாகும். சிக்லிட் தொட்டிகளில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், சண்டை முடிய வழியில்லாமல் நடந்தவை.

அதனால் தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட அதன் தரை எத்தனை சதுர அடி என்று பாருங்கள். இந்த மீன்கள் எல்லை பிரிப்பது தரையையும் கல்லையும் வைத்து. உங்கள் 4 அடித் தொட்டியின் தரை 6 சதுர அடி. இரண்டரை அடி உயரத்துக்கு அழகாகச் செய்து விற்கிறார்களே, அந்த 4 அடித் தொட்டியில் தண்ணீர் அதிகம் பிடிக்கும், தரை அதே 6 சதுர அடிதான். 6×2×2 போனால் 12. கையில் இருக்கும் பணத்தை நீளத்துக்கும் அகலத்துக்கும் செலவு செய்யுங்கள், உயரத்துக்கு வேண்டாம். ரவி சொன்ன எடை விஷயத்துக்கும் அது நல்லதுதான்.

இனி ஒவ்வொரு மீனாக வருகிறேன்.

ஆஸ்கார். அமேசான் படுகையின் மீன். ஓர் அடிக்கு மேல் வளரும். பார்க்கப் பெரிசு, வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும், அதனால் முரட்டு மீன் என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் எல்லைச் சண்டையில் அது மந்தமான மீன், திருப்பிக் கடிக்கத் தெரியாமல் தன்னைவிடச் சின்ன மீனிடம் அடிவாங்கும். கிரீன் டெரருக்குப் பயந்து, ஹீட்டருக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் பெரிய ஆஸ்கார்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் நீங்கள் காப்பாற்ற வேண்டிய மீன் இதுதான்.

கிரீன் டெரர். ஈக்வடார், பெரு நாடுகளில் பசிபிக் பக்கம் ஓடும் ஆறுகளிலிருந்து வந்தது. ஆண் 8 அங்குலத்தைத் தாண்டும். பெண் இல்லாமல் தனி ஆணாக வளர்ந்தால், பெயர் சொல்லும் அளவுக்கு மோசம் கிடையாது. ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் யாராவது வந்தால் விரட்டும், வெளியே போனால் விட்டுவிடும். பெரிய தொட்டியில் ஆஸ்காரோடு இதைச் சேர்த்து வளர்ப்பவர்கள் நிறைய.

ஜாக் டெம்சி. தெற்கு மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை இருக்கும் மீன். 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இதில் மீனுக்கு மீன் குணம் மாறும். சில டெம்சி குகையைவிட்டு வெளியே வராத கூச்சக்காரன். சில டெம்சி தொட்டி முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று மச்சானுக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள்: கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் ஒளிகிறதா, பாய்கிறதா? புதிதாகக் கல் வைத்தால் என்ன செய்தது?

கான்விக்ட் ஜோடி. இருப்பதில் சின்ன மீன், இருப்பதில் ஆபத்தும் அதுதான். கூட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். இதைப்பற்றி மற்றவர்களும் எழுதுவார்கள்.

ஃப்ளவர்ஹார்ன். மைடாஸ், டிரைமாக் போன்ற மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பு மீன். அந்த இரண்டு வம்சத்தின் முரட்டுத்தனமும் இதில் இருக்கிறது. மைடாஸ் மீன்களைப் பல காலம் ஆராய்ந்தவர் ஜார்ஜ் பார்லோ. ஒரே அளவுள்ள மீன்களை மோதவிட்டபோதும், பொன்னிற மீன் சாம்பல் நிற மீனை அடக்கிவிடுவதை அவர் காட்டியிருக்கிறார். "ஒரே அளவு இருந்தால் பழகிக்கொள்ளும்" என்று கடையில் சொன்னார்களே, அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே போதும். ஃப்ளவர்ஹார்னை இன்னொரு மீனோடு விடாதீர்கள். அதற்குத் தனித் தொட்டிதான். இப்போது உள்ளங்கை அளவு என்கிறீர்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓர் அடி வளரும்.

ஆக, என் கணக்கு இது. 6×2×2-இல் ஆஸ்காரும் கிரீன் டெரரும் நிச்சயம். டெம்சி சோதனையாக, மச்சான் சொல்லும் குணத்தைப் பார்த்துவிட்டு. கான்விக்ட் ஜோடிக்கு இரண்டரை அடித் தொட்டி ஒன்று, 100 லிட்டருக்குக் குறையாமல். ஃப்ளவர்ஹார்னை நல்ல கைக்குக் கொடுத்துவிடுங்கள். வாஸ்து மீன் என்று தேடித்தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மற்ற மீன்களைவிட இதற்குத்தான் சுலபமாக ஆள் கிடைக்கும். தொட்டியை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஃப்ளவர்ஹார்னை ஏன் கொடுக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் பழைய 4 அடித் தொட்டி காலியாக இருக்க வேண்டும். முரட்டு மீன்களைச் சேர்த்து வளர்ப்பவனுக்கு, ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும் காலித் தொட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ஒரு மீன் செதில் இழந்து மேற்பரப்பில் சாய்ந்து மூச்சு வாங்கும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது. இரண்டாவது தொட்டிக்கு வழியில்லாதவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அப்படியானால் ஒரே மீனை வளருங்கள், ஆஸ்கார் ஒன்றே வீட்டுக்குப் போதும்.

உள்ளே எப்படி அடுக்குவது என்பதும் முக்கியம். பெரும்பாலான தொட்டிகளில் கல்லை எல்லாம் நடுவில் குவித்து வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஒரே ஒரு நல்ல இடம்தான் உருவாகும், அதைப் பிடித்தவன் ராஜா. இரண்டு ஓரங்களிலும், நடுவில் பின்பக்கமும் என்று மூன்று தனி இடங்கள் செய்யுங்கள். ஓர் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொரு இடம் தெரியாதபடி நடுவில் உயரமான மரக்கட்டையோ கல்லோ நிற்க வேண்டும். மீன் தன் எதிரியைப் பார்க்காத ஒவ்வொரு நிமிஷமும் உங்களுக்கு லாபம். குகைகளுக்கு இரண்டு வாசல் இருக்கட்டும், ஒரே வாசல் உள்ள குகைக்குள் துரத்திப் பிடித்தால் உள்ளே போனது வெளியே வராது. கல்லை மணல் மேல் வைக்காதீர்கள், கீழ்க் கண்ணாடி மேல் நேராக வைத்துவிட்டு அப்புறம் மணலைப் போடுங்கள். இந்த மீன்கள் எல்லாமே தோண்டும். அடி மணலைத் தோண்டி எடுத்துவிட்டால் கல் சரிந்து கண்ணாடி போய்விடும்.

திருச்சி_மீனா எழுதியது:

கொளத்தூர் அண்ணா கான்விக்டை எங்களுக்கு விட்டுவிட்டார், நான் எழுதுகிறேன்.

பிரபு, 3 அங்குலம் என்று லேசாக நினைக்காதீர்கள். மற்ற மீன்களில் ஆணுக்குத்தான் நிறம் அதிகம். கான்விக்டில் பெண்ணுக்குத்தான் வயிற்றில் ஆரஞ்சு நிறம் வரும். அந்த நிறம் நன்றாகத் தெரிந்தால் முட்டை போடத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி சேர்ந்துவிட்டதால் புதுத் தொட்டிக்குப் பழகியதும் அடுத்த வேலை அதுதான். தட்டையான கல்லிலோ பூந்தொட்டி ஓட்டின் உள்பக்கமோ ஒட்டும். மூன்று நாளில் குஞ்சு வெடிக்கும். அதற்கு அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்து, அம்மா அப்பா இரண்டும் சேர்ந்து மேய்க்கும்.

என் வீட்டில் இந்த ஜோடியைப் பார்த்தபோது உண்மையிலேயே எனக்குக் கண் கலங்கியது. காய்ந்த இலையை அம்மா வாயால் புரட்டிப் போடும், குஞ்சுகள் அதன் அடியில் இருப்பதைத் தின்னும். இருட்டினால் ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக் குழிக்குள் கொண்டுவிடும். இவ்வளவு பாசமாக வளர்க்கிற மீன், தன் குஞ்சுக்கு அருகில் எவ்வளவு பெரிய மீன் வந்தாலும் நேராகக் கண்ணையும் துடுப்பையும் பார்த்துப் பாயும். என் சித்தப்பா வீட்டில் 5 அடித் தொட்டியில் இருந்த செவரம் மீன்கள் மூன்றும் மேல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன, மீதி நாலே முக்கால் அடியும் ஒரு கான்விக்ட் ஜோடிக்குச் சொந்தமாக இருந்தது. ஜோடியை எடுத்த அன்றே செவரம் மூன்றும் இறங்கி வந்து தீனி தின்றன.

அதனால் தனித் தொட்டி கொடுங்கள். அதற்குள் நடப்பதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள், அவளுக்கு ஆஸ்காரைவிட இது பிடித்துப் போகலாம். குஞ்சுகளை எல்லாம் வளர்க்க முயலாதீர்கள், நூற்றுக்கணக்கில் வரும், யாரும் வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவதுதான் வழி. பெண் தனியாக இருந்தாலும் முட்டை போட்டுவிட்டு அதைக் காவல் காக்கும், அதனால் பிரித்த பெண்ணைக் கூட்டுத் தொட்டியில் விடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஓஎம்ஆர்_மலாவி எழுதியது:

"கூட்டமாக விட்டால் சண்டை வராது" என்று கடையில் சொன்னது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அது எங்கள் வழி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழும் எம்புனா மீன்களுக்கு உரியது.

எம்புனா 4, 5 அங்குல மீன்கள். என் 5 அடித் தொட்டியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒரு ஆண் யாரையாவது துரத்த ஆரம்பித்தால், குறி வைத்த மீன் அடுத்த நொடி கூட்டத்தில் கலந்துவிடும், இது வேறு ஒன்றைத் துரத்தும். அடி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது, ஒரே மீன் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. அதிலும் கணக்கு உண்டு. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் வேண்டும். நிறம் ஒத்துப்போகிற இனங்களைச் சேர்க்கக்கூடாது. கென்யி ஆண் வளர்ந்தால் மஞ்சளாகிவிடும், அதனால் எல்லோ லேப் என்ற மஞ்சள் மீனோடு வைத்தால் அந்தச் சாதுவான மீனை எதிரியாக நினைத்து விரட்டும். டெமசோனி மாதிரி தன் இனத்தையே கொல்லும் மீனை ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கு மேல் வைக்க வேண்டும். மூன்று நான்கு வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். ஆரட்டஸ் என்ற முரட்டு எம்புனாவை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதே இல்லை.

இந்த முறை உங்கள் மீன்களுக்குச் செல்லாது, பிரபு. ஓர் அடி வளரும் ஆஸ்காரை முப்பது விட முடியாது. ஆறு விட்டாலே ஃபில்டர் தாங்காது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறி, சண்டைக்கு முன்னால் தண்ணீரே கொன்றுவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் அடுத்ததாக உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். கலராக இருக்கிறதே என்று மலாவி மீன் நாலு வாங்கி அந்தத் தொட்டியில் போடாதீர்கள். எம்புனாவுக்கு பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7.8-க்கு மேல் உள்ள கடினத் தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் அவை ஒன்றும் செய்யாமலே நன்றாக இருக்கின்றன. உங்கள் சிறுவாணி மிக மென்மையான தண்ணீர், ஆஸ்காருக்குத்தான் அது பொருத்தம். தீனியும் ஒத்துவராது. எம்புனா பாறைப் பாசி மேய்கிற மீன், ஆஸ்காருக்குப் போடும் கொழுத்த பெல்லட்டைத் தொடர்ந்து தின்றால் வயிறு ஊதிச் சாகும்.

கோவை_பிரபு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மச்சானிடம் பேசினேன். டெம்சி கூச்ச ரகம்தான் என்கிறார், பகலில் பானைக்குள்ளேயே இருக்குமாம், விளக்கை அணைத்தால்தான் வெளியே வருமாம். ஃப்ளவர்ஹார்னுக்கு அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் தயார், 4 அடித் தொட்டி ஏற்கெனவே வைத்திருக்கிறார். கான்விக்டுக்கு மச்சானின் பழைய இரண்டரை அடித் தொட்டியையே எடுத்து வந்துவிடலாம். கீழ் வீட்டு அப்பா அம்மா தங்கள் கூடத்தில் பெரிய தொட்டி வைக்கச் சம்மதித்துவிட்டார்கள், அதனால் மாடி பிரச்சினை தீர்ந்தது. ரவி சாருக்குத் தனியாக ஒரு நன்றி.

கொளத்தூர் அண்ணாவிடம் இரண்டு கேள்வி. ஆஸ்கார், கிரீன் டெரர், டெம்சி மூன்றையும் எந்த வரிசையில் விடுவது? எந்த நிலையில் 'போதும், பிரித்துவிட வேண்டும்' என்று தெரிந்துகொள்வது? சும்மா துரத்துவதற்கெல்லாம் பயந்து பிரித்துக்கொண்டே இருக்கவும் கூடாதல்லவா. அப்புறம் சில்வர் டாலர் மீன் நாலைந்து சேர்த்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

மச்சான் இன்னொன்றும் கேட்டார்: சரிப்பட்டு வராத மீனை சிங்காநல்லூர் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே என்று.

கொளத்தூர்_சிக்லிட் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். குளத்தில் விடவே விடாதீர்கள். அது பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினையே. நம் ஊர்க் குளங்களில் எங்கே வலை போட்டாலும் வருகிறதே ஜிலேபி கெண்டை, அதுவும் ஒரு சிக்லிட்தான், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க இனம். முட்டையை வாயில் வைத்துக் காக்கிற மீன், எந்தத் தண்ணீரிலும் பெருகும். அது வந்த பிறகு எத்தனை குளத்தில் நம் மீன்களுக்கு இடம் போனது என்று பழைய மீன்காரர்களைக் கேளுங்கள். தொட்டி சுத்தம் செய்கிற சக்கர் மீனையும் இப்படித்தான் பாவம் என்று விட்டார்கள், இன்று ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது. மச்சான் நல்ல மனசோடுதான் கேட்கிறார், ஆனால் வேண்டாம். பிரச்சினை வந்தால் என்னிடம் அனுப்புங்கள், டெம்சிக்கு இங்கே இடம் இருக்கிறது.

வரிசை. ஆஸ்காரை முதலில் விட்டுப் பழக்கிவிட்டு மற்றதை விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். மூன்றையும் ஒரே மாலையில் விடுங்கள். மூன்று பேருக்கும் அது புது வீடாக இருக்கும், யாருக்கும் இன்னும் எல்லை கிடையாது. விடுவதற்கு முன் வயிறாரத் தீனி போட்டுவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், மறுநாள் மதியம் வரை போடாதீர்கள். டெம்சியின் பானையை அதோடு சேர்த்து எடுத்து வந்து தொட்டியின் ஓர் ஓரத்தில் வையுங்கள், கூச்ச மீனுக்கு அந்தப் பானை பெரிய தைரியம். பின்னால் எப்போதாவது ஒரு மீனைப் பிரித்து மறுபடி சேர்க்க நேர்ந்தால், சேர்க்கும் முன் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை கலைந்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

எப்போது பிரிப்பது? துரத்தல், செவுள் விரித்தல், வாய் கவ்வல், துடுப்பு ஓரத்தில் சின்னக் கிழிசல் இதெல்லாம் முதல் வாரத்தில் நடக்கும். கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். துடுப்பு வளர்ந்துவிடும். நான் பார்ப்பது மூன்று. அடிவாங்கும் மீன் தீனிக்கு வருகிறதா? தண்ணீரின் நடுமட்டத்தில் நீந்துகிறதா, இல்லை மேற்பரப்பு மூலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறதா? துரத்துகிற மீன் தன் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறதா, இல்லை தொட்டியின் அந்தக் கோடி வரை தேடிப் போகிறதா? தேடிப் போக ஆரம்பித்தால் அது இனி தானாக நிற்காது, அன்றைக்கே பிரியுங்கள். அப்போது அடிபட்டதை எடுப்பதைவிட அடிப்பதை எடுப்பது மேல். உங்கள் மூன்றில் அது கிரீன் டெரராகத்தான் இருக்கும். 4 அடித் தொட்டியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இங்கே கல்லை மாற்றி அடுக்கிவிட்டு, திரும்ப விட்டுப் பாருங்கள். மறுபடி அதையே செய்தால் அந்த 4 அடித் தொட்டி அதற்கே. ஒற்றை கிரீன் டெரருக்கு அது நல்ல வீடுதான்.

சில்வர் டாலர் நல்ல யோசனை. மேல்மட்டத்தில் பயமில்லாமல் ஒரு கூட்டம் நீந்தினால் கீழே இருக்கும் மீன்கள் ஆபத்து இல்லை என்று புரிந்துகொண்டு வெளியே வரும். துரத்துகிறவனின் கவனமும் அவற்றின் மேல் சிதறும், அவற்றைப் பிடிக்கவும் முடியாது. ஐந்து அல்லது ஆறு வாங்குங்கள், ஆஸ்கார் வாய்க்குள் போகாத அளவில், 4 அங்குலத்துக்குக் குறையாமல். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். பேரட் மீன் என்று காட்டினால் வாங்காதீர்கள். தாய்வானில் கலப்பில் உருவாக்கிய மீன் அது, வாயைச் சரியாக மூடவே வராது, இந்தக் கூட்டத்தில் பாவம் அது.

தண்ணீர் விஷயம். வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். சிறுவாணி மென்மையாக இருப்பதால் பி.எச். சட்டென்று இறங்க வாய்ப்பு உண்டு, ஃபில்டரில் ஒரு பை சிப்பித்தூளோ பவளத்தூளோ போட்டு வைத்தால் நிலையாக நிற்கும். டெம்சிக்கும் அது பிடிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த மீன்களின் கோபமும் கூடும், தண்ணீரில் காற்றும் குறையும், அதனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

புதுத் தொட்டியில் அம்மோனியா பூஜ்யத்துக்கு வராமல் மீனை விடாதீர்கள். மச்சான் கிளம்புவதற்கு முன் அவர் ஃபில்டர்களில் இருக்கும் பழைய பஞ்சையும் செராமிக் வளையங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள், குளோரின் பட்டால் அதிலிருக்கும், அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா செத்துவிடும். தொட்டித் தண்ணீரோடே ஒரு வாளியில் போட்டு, அன்றைக்கே உங்கள் புது ஃபில்டருக்கு மாற்றிவிடுங்கள்.